இறக்கமும் இரும்பும்

நுழையும்முன்

ஊர்தியை ஓடவைக்கும் எந்திரத்தைப் பற்றிப் பேசுவோர் பலர். அதனை நிற்கவைக்கும் கருவியைப் பற்றிப் பேசுவோர் சிலரே. பிரேக் என்பது காலால் மிதிக்கும் ஒரு கட்டையோடு முடிந்துவிடுவதன்று. அந்த மிதிக்குப் பின்னே இரும்பும் எஃகும் பிசினும் இழையும் தத்தம் இயல்புக்கேற்ற பணியை ஏற்று நிற்கின்றன. எந்தப் பொருள் எந்தப் பணிக்கு உரியது, ஏன் உரியது என்பதனை ஒரு மலைச்சாலையின் இறக்கத்தில் வைத்து இக்கட்டுரை விளக்குகிறது.

நாமக்கல் மாவட்டத்துக் கொல்லிமலைக்குச் செல்லும் சாலையில் 70 கொண்டை ஊசி வளைவுகள் உள்ளன. மலையேறும் பேருந்தின் எந்திரம் உறுமுவதை அனைவரும் கேட்கின்றனர். இறங்கும்போது அத்தகைய ஓசை எழுவதில்லை. பயணிகள் கண்ணயர்ந்துவிடுவதும் உண்டு. ஆயினும் பேருந்துக்குக் கடினமான வேலை இறங்கும்போதுதான் தொடங்குகிறது. வளைவுகள் பல கடந்தபின் சன்னல் வழியே ஒருவகைக் கருகல் நாற்றம் வருவதைச் சிலர் உணர்ந்திருக்கலாம். அந்த நாற்றம் எங்கிருந்து வருகிறது என்று கேட்டால், பொருள்களின் இயல்பைப் பற்றிய பாடம் முழுவதும் அதற்குள் அடங்கிக் கிடப்பதைக் காணலாம்.

முதலில் ஒரு கணக்கு. பயணிகளோடு சேர்ந்து 12,000 கிலோகிராம் நிறையுள்ள ஒரு பேருந்து 1000 மீட்டர் உயரத்திலிருந்து அடிவாரத்திற்கு இறங்குவதாகக் கொள்வோம். மலையுச்சியில் அது பெற்றிருந்த நிலை ஆற்றல் ஏறத்தாழ 11 கோடியே 76 இலட்சம் ஜூல். அடிவாரத்தை அடைந்து பேருந்து நிற்கும்போது அந்த ஆற்றல் அதனிடம் இல்லை. ஆற்றலை ஆக்கவும் இயலாது, அழிக்கவும் இயலாது என்று இயற்பியலில் படித்திருக்கிறோம். அவ்வாறாயின் அது எங்கே சென்றது? ஏறக்குறைய முழுவதும் வெப்பமாக மாறியது. 30 பாகை செல்சியசு வெப்பநிலையில் உள்ள 400 லிட்டர் நீரைக் கொதிக்கவைக்க அந்த வெப்பம் போதும்.

சமவெளியோடு இதனை ஒப்பிட்டுப் பார்க்கலாம். மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும் அதே பேருந்தை ஒருமுறை நிறுத்தினால் வெளிப்படும் ஆற்றல் சுமார் 16 இலட்சத்து 70 ஆயிரம் ஜூல். ஆகவே, அந்த மலையிலிருந்து ஒருமுறை இறங்குவது, சமவெளியில் 60 கிலோமீட்டர் வேகத்திலிருந்து 70 முறை அடுத்தடுத்து நிறுத்துவதற்கு ஒப்பாகும். வளைவுக்கு ஒன்று என்று கணக்கு அமைவது தற்செயலே. எனினும் நினைவில் கொள்ள எளிது.

இந்த வெப்பம் முழுவதையும் பேருந்தின் நான்கு பிரேக் டிரம்களும் தம்முள்ளேயே தேக்கிக்கொள்ள நேர்ந்தால் என்ன ஆகும்? நான்கும் சேர்ந்து 200 கிலோகிராம் இரும்பு என்று வைத்துக்கொண்டால், அவற்றின் வெப்பநிலை ஏறத்தாழ 1280 பாகை உயரவேண்டும். வார்ப்பிரும்போ 1200 பாகையை ஒட்டியே உருகிவிடும். நடைமுறையில் அவ்வாறு நிகழாமைக்குக் காரணங்கள் இரண்டு. ஒன்று, வீசுகின்ற காற்று வெப்பத்தைத் தொடர்ந்து எடுத்துச் செல்கிறது. மற்றொன்று, தேர்ந்த ஓட்டுநர் பிரேக்கை மட்டும் நம்பி மலையிறங்குவதில்லை. ஏறும்போது எந்தக் கியரோ இறங்கும்போதும் அதே கியர் என்பது ஓட்டுநர்களிடையே வழங்கும் வழக்கு. தாழ்ந்த கியரில் இறங்கும்போது சக்கரங்களே எந்திரத்தைச் சுழற்றவேண்டியிருக்கிறது. ஆற்றலின் பெரும்பகுதி அவ்வேலையில் செலவாகி, புகைபோக்கி வழியாகவும் ரேடியேட்டர் வழியாகவும் வெளியேறிவிடுகிறது. கியரை விடுவித்துவிட்டு, எரிபொருளை மிச்சப்படுத்துவதாக எண்ணி மலையிறங்குபவர் தம் டிரம்களைக் கொதிகலன்களாக மாற்றுகின்றார்.

பொருள்களின் குணங்கள்

இரும்பு உறுதியானது என்று பொதுவாகச் சொல்கிறோம். பொறியாளர் அவ்வாறு சொல்வதில்லை. எவ்வகை உறுதி என்று அவர் கேட்பார். இழுத்தால் தாங்குவது வேறு, அழுத்தினால் தாங்குவது வேறு, கீறினால் தாங்குவது வேறு, ஓங்கி அடித்தால் தாங்குவது வேறு.

1 மீட்டர் நீளமும் 1 சதுர சென்டிமீட்டர் குறுக்குப்பரப்பும் கொண்ட மென் எஃகுக் கம்பி ஒன்றைத் தொங்கவிட்டு, அதன் நுனியில் 2 டன் எடையைக் கட்டுவோம். கம்பி சுமார் 1 மில்லிமீட்டர் நீளும். எடையை அகற்றினால் பழைய நீளத்திற்கே திரும்பும். இதுவே மீட்சித்தன்மை. எடையைக் கூட்டிக்கொண்டே சென்று இரண்டரை டன்னைக் கடந்துவிட்டால் கம்பி இளகிக்கொடுக்கத் தொடங்கும். இனி எடையை அகற்றினாலும் முழுமையாக மீளாது. இது நெகிழ்தன்மை. நான்கு டன்னை ஒட்டிக் கம்பி அறுந்துபோகும். ஆனால் அறுவதற்கு முன் அது ஐந்தில் ஒரு பங்கு, அதாவது ஒரு சாண் அளவு, நீண்டுவிடும். பார்த்துக்கொண்டிருப்பவர் விலகிச் செல்ல நேரம் இருக்கிறது. முறிவதற்கு முன்னே எச்சரிக்கை தரும் பொருளைப் பொறியாளர்கள் விரும்புவதற்குக் காரணம் இதுதான்.

அதே அளவுள்ள சாம்பல்நிற வார்ப்பிரும்புக் கம்பியில் இச்சோதனையைச் செய்தால், அது இரண்டு அல்லது இரண்டரை டன் எடையில், ஒரு சென்டிமீட்டர்கூட நீளாமல், பட்டென்று முறியும். வார்ப்பிரும்பினுள் கார்பன், கிராஃபைட் செதில்களாகப் பரவிக் கிடக்கிறது. இழுக்கும்போது ஒவ்வொரு செதிலும் ஒரு சிறு வெடிப்பைப்போல் நடந்துகொள்கிறது. அமுக்கும்போதோ அவ்வெடிப்புகள் மூடிக்கொள்ளும். எனவே இழுவிசையைப்போல் மூன்று, நான்கு மடங்கு அமுக்குவிசையை அது தாங்கும். பழைய கட்டடங்களில் வார்ப்பிரும்பைத் தூண்களாக நிறுத்தியமைக்கு இதுவே காரணம். தூண் அமுக்கப்படுகிறதே தவிர இழுக்கப்படுவதில்லை. இச்செய்தியை மனத்தில் இருத்திக்கொள்க. பிரேக் டிரம்மிடம் மீண்டும் வரும்போது இது தேவைப்படும்.

கடினத்தன்மையையும் கட்டுறுதியையும் பலர் ஒன்றாகக் கருதுகின்றனர். உடைந்த கண்ணாடியின் முனையால் செம்புப் பாத்திரத்தில் கீறலாம். செம்பால் கண்ணாடியில் கீற இயலாது. ஆகவே கண்ணாடி கடினமானது. இரண்டையும் தரையில் போட்டால் செம்பு நசுங்கும், கண்ணாடி நொறுங்கும். அடியின் ஆற்றலை உள்வாங்கி முறியாமல் நிற்கும் கட்டுறுதி செம்பிடம் உள்ளது. கடினமான கண்ணாடியிடம் இல்லை. ஒரு பொருளின் கடினத்தன்மையை ஏற்றும்போது அதன் கட்டுறுதி பெரும்பாலும் குறைந்துவிடுகிறது. இரண்டையும் ஒருங்கே பெறுவது எளிதன்று.

கட்டுறுதி என்பது என்றும் மாறாத குணமும் அன்று. 1943ஆம் ஆண்டு சனவரி 16ஆம் நாள், அமெரிக்காவின் ஓரிகன் மாநிலத்துப் போர்ட்லாந்தில், சோதனை ஓட்டம் முடிந்து துறையில் கட்டப்பட்டிருந்த சிகனெக்டடி என்னும் புதிய எண்ணெய்க் கப்பல், அலையற்ற நீரில் நின்றபடியே பேரோசையுடன் ஏறக்குறைய இரண்டாகப் பிளந்தது. புயலோ மோதலோ இல்லை. குளிரில் அந்த எஃகு தன் கட்டுறுதியை இழந்து நொறுங்கும் தன்மையை அடைந்திருந்தது. பற்றவைப்பில் இருந்த குறையில் தோன்றிய வெடிப்பு தடுப்பாரின்றி ஓடிவிட்டது. வலிமைக் கணக்கு சரியாக இருந்தும் கட்டுறுதி கைவிட்டதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டுவதில்லை.

இனி அயர்ச்சி. கையால் இழுத்து அறுக்க முடியாத இரும்புக் கம்பியை இப்படியும் அப்படியுமாகப் பலமுறை வளைத்து ஒடித்துவிடுகிறோம் அல்லவா? ஒருமுறை எளிதில் தாங்கும் விசையைப் பல்லாயிரம் முறை தாங்கவேண்டி வரும்போது உலோகம் தளர்ந்து முறிகிறது. 1842ஆம் ஆண்டு மே 8ஆம் நாள், வெர்சாய் நகரிலிருந்து பாரிசுக்குத் திரும்பிய தொடர்வண்டியின் எந்திர அச்சு முறிந்து, பெட்டிகள் ஒன்றன்மேல் ஒன்றாய் ஏறித் தீப்பற்றியதில் ஐம்பதுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். அதன்பின் பொறியாளர்களின் கவனம் அச்சுகளின்பால் திரும்பியது. ஜெர்மனியின் ஆகஸ்ட் வோலர், தொடர்வண்டி அச்சுகளைச் சுழலவைத்து மீண்டும் மீண்டும் வளைத்து, எத்தனை சுழற்சியில் எவ்வளவு விசைக்கு அவை முறிகின்றன என்று ஆண்டுக்கணக்கில் ஆராய்ந்தார். இன்றும் அச்சு வடிவமைக்கும் ஒவ்வொருவரும் அவர் வகுத்த வழியிலேயே செல்கின்றனர். ஊர்தல் என்னும் மற்றொரு குணமும் உண்டு. மிகுந்த வெப்பத்தில் நெடுநாள் சுமை தாங்கும் பொருள் மெல்ல மெல்ல நீள்வது அது. பிரேக்கைவிட நீராவிச் சுழலிகளிலேயே அதன் கொடுமை மிகுதி.

பிரேக்கின் வகைகள்

மிதிவண்டியின் பிரேக் கட்டையை அனைவரும் அறிவோம். சக்கர விளிம்பின் இருபுறமும் இரப்பர்க் கட்டைகள் அழுந்துகின்றன. உராய்வு சக்கரத்தை நிறுத்துகிறது. மாட்டு வண்டிச் சக்கரத்தில் மரக்கட்டையை அழுத்தியதும் இதே முறைதான். கட்டைப் பிரேக்குக்கு மழை ஒரு பகை. ஈரம் பட்ட விளிம்பில் உராய்வு குறைய, கட்டை வழுக்கும்.

இங்கிலாந்தின் டெர்பிஷயர் மலைப்பகுதியில் ஹெர்பர்ட் ஃபுரூட் என்பவர், இறக்கத்தில் செல்லும் வண்டிகளின் பிரேக் கட்டையில் உழவர்கள் பழைய செருப்புத் தோலைப் பொருத்துவதைக் கண்டாராம். மரத்தைவிடத் தோல் நன்றாகப் பற்றியது. உராய்வதற்கென்றே ஒரு தனிப்பொருள் வேண்டும் என்ற எண்ணம் அங்கே பிறந்தது. 1897இல் அவர் தொடங்கிய தொழிலே பின்னர் ஃபெரோடோ என்னும் பெயரால் உலகறிந்த நிறுவனமாயிற்று. இன்று டிரம்மினுள் ஷூவின்மேல் ஒட்டப்படும் லைனிங், அந்தச் செருப்புத் தோலின் வழித்தோன்றல்தான்.

பட்டைப் பிரேக் வேறு வகையானது. சுழலும் உருளையைச் சுற்றி ஒரு பட்டையை இறுக்கினால் உருளை நிற்கும். துறைமுகத்தில் கப்பல் கயிற்றைத் தூணில் சுற்றிப் பிடிப்பவரைக் கண்டிருந்தால் இதன் ஆற்றல் விளங்கும். உராய்வுக் குணகம் 0.3 எனக் கொண்டால், ஒரு சுற்றுச் சுற்றிய கயிற்றின் ஒருமுனையை 10 கிலோ விசையால் பிடித்திருப்பவர் மறுமுனையில் 66 கிலோ விசையைத் தடுத்து நிறுத்தலாம். இரண்டு சுற்றில் அது 430 கிலோவுக்கு மேல். மூன்று சுற்றில் ஏறத்தாழ 2850 கிலோ. சுற்று கூடக்கூடக் கூட்டலாக அன்றிப் பெருக்கலாக வளர்கிறது. அதனால்தான் ஒரு மனிதர் ஒரு கப்பலைப் பிடித்து நிறுத்துவதுபோல் தோன்றுகிறது. பாரந்தூக்கிகளிலும் இழுவை உருளைகளிலும் இப்பிரேக் பயன்படுகிறது.

பேருந்துகளிலும் சுமையுந்துகளிலும் மிகுதியாகக் காணப்படுவது டிரம் பிரேக். சக்கரத்தோடு சுழலும் இரும்பு டிரம்மின் உட்புறத்தில் பிறைவடிவான இரு ஷூக்கள் உள்ளன. மிதியை அழுத்தினால் அவை விரிந்து டிரம்மின் உட்சுவரில் அழுந்துகின்றன. இதில் ஒரு நயம் உண்டு. சுழலும் டிரம், முன்னிருக்கும் ஷூவைத் தன்னோடு இழுத்து மேலும் இறுக்கிக்கொள்கிறது. கதவடியில் செருகிய ஆப்பு, கதவைத் தள்ளத் தள்ள இறுகுவதுபோல என்க. ஆதலால் ஓட்டுநர் தரும் சிறுவிசை பெருகிச் செயற்படுகிறது. ஆனால் உராய்வை நம்பிப் பெருகும் விசை, உராய்வு குறையும்போது அதனினும் விரைவாகக் குறையும். டிரம் பிரேக்கின் சிறப்பும் தீங்கும் ஒரே இடத்தில் இருக்கின்றன.

டிஸ்க் பிரேக்கில் இந்தத் தன்னிறுக்கம் இல்லை. சக்கரத்தோடு சுழலும் தட்டை இரு பேட்கள் இருபுறமும் கவ்விப் பிடிக்கின்றன. தட்டு திறந்தவெளியில் சுழல்வதால் காற்றில் விரைவில் ஆறுகிறது. இங்கிலாந்தின் ஃபிரெடரிக் லான்செஸ்டர் 1902இலேயே இதற்குக் காப்புரிமை பெற்றுவிட்டார். ஆயினும் உலகம் இதனைப் பெரிதும் கண்டுகொண்டது, 1953ஆம் ஆண்டு பிரான்சின் லே மான் பந்தயத்தில் டிஸ்க் பிரேக் பொருத்திய ஜாகுவார் மகிழுந்து வென்றபின்னரே.

இவற்றுள் எவ்வகையாயினும், காலின் விசை சக்கரத்தை அடையவேண்டும். மகிழுந்தில் நீர்மமும், பேருந்திலும் தொடர்வண்டியிலும் அழுத்தப்பட்ட காற்றும் அதனைக் கொண்டு செல்கின்றன. 1869இல் ஜார்ஜ் வெஸ்டிங்ஹவுஸ் அமைத்த முதல் காற்றுப் பிரேக்கில் காற்று வந்தால் பிரேக் பிடிக்கும். குழாய் அறுந்தால் பிரேக்கே இல்லை. 1872இல் அவர் அதனைத் தலைகீழாக மாற்றினார்: குழாயில் காற்றழுத்தம் இருக்கும்வரை பிரேக் விடுபட்டிருக்கும், அழுத்தம் குறைந்தால் பிடித்துக்கொள்ளும். பெட்டிகள் பிரிந்தாலும் தொடர்வண்டி தானே நின்றுவிடும். பழுது நேரும்போது ஓடவிடாமல் நிறுத்தும்படி ஒரு கருவியை அமைத்தது, என் கருத்தில், பிரேக்கின் வரலாற்றிலேயே மிகச் சிறந்த சிந்தனை. இன்றைய பேருந்துகளிலும் காற்று முற்றிலும் இறங்கிவிட்டால் வலிய சுருள்வில் ஒன்று பிரேக்கைப் பிடித்துவிடுகிறது.

சூடேறிய டிரம்

இனி மலைச்சாலைக்குத் திரும்புவோம். கருகல் நாற்றம் லைனிங்கிலிருந்து வருகிறது. இழைகளையும் உலோகத் துகள்களையும் பிசினால் பிணைத்துச் செய்யப்படுவது லைனிங். நெடுங்காலம் இதில் கல்நார் கலந்தனர். அதன் தூசு நுரையீரலைக் கெடுப்பது தெரிந்தபின் வேறு இழைகள் அதன் இடத்தைப் பிடித்தன. அளவுகடந்து சூடேறினால் பிசின் சிதைந்து ஆவியாகிறது. லைனிங்கின் பிடிப்புக் குறைகிறது. இதனைத் தளர்ச்சி என்பர். ஓட்டுநர் மிதித்துக்கொண்டே இருப்பார். பேருந்து சென்றுகொண்டே இருக்கும்.

இதனோடு மற்றொன்றும் சேர்கிறது. 400 மில்லிமீட்டர் விட்டமுள்ள டிரம் 300 பாகை சூடேறினால் அதன் விட்டம் ஏறத்தாழ 1.3 மில்லிமீட்டர் பெருகும். உள்ளிருந்து விரியும் ஷூவைவிட்டுச் சுவர் விலகிச் செல்கிறது. மிதி ஆழமாக இறங்கவேண்டியிருக்கிறது. ஒரு நிலையில் இறங்க இடமின்றிப் போகிறது. டிஸ்க்கிலோ, சூடேறிய தட்டு தடித்துப் பேட்களை நோக்கியே வரும்.

அங்ஙனமாயின் டிரம்மை ஏன் வலிமைமிக்க எஃகால் செய்யாமல், இழுத்தால் முறியும் வார்ப்பிரும்பால் செய்கின்றனர்? எந்தக் கிராஃபைட் செதில்கள் வார்ப்பிரும்பை வலுவிழக்கச் செய்தனவோ, அவையே வெப்பத்தை விரைந்து கடத்துகின்றன. உராயும்போது எழும் அதிர்வை விழுங்கிக் கீச்சொலியைக் குறைக்கின்றன. கடைசல் வேலையையும் எளிதாக்குகின்றன. விலையும் குறைவு. லைனிங்கை டிரம்மைவிட மென்மையாகச் செய்வதும் எண்ணிச் செய்ததுதான். இரண்டில் ஒன்று தேயவேண்டும் என்றால் மலிவானதும் மாற்ற எளியதும் தேயட்டும் என்பதே கணக்கு.

ஆயினும் வார்ப்பிரும்பின் குறை மறைந்துவிடவில்லை. ஒவ்வொரு முறை பிரேக் பிடிக்கும்போதும் டிரம்மின் உட்பரப்பு சட்டென்று சூடேறி விரிய முயல்கிறது. அடியில் உள்ள குளிர்ந்த உலோகம் விடுவதில்லை. ஆகவே மேற்பரப்பு அமுக்கப்பட்டுச் சற்றே இளகுகிறது. ஆறும்போது அதே பரப்பு சுருங்க முயன்று இழுபடுகிறது. இழுவிசையே வார்ப்பிரும்பின் பகை அன்றோ? சூடும் ஆறலும் பலமுறை நிகழ நிகழ, அயர்ச்சியால் மயிரிழை போன்ற வெடிப்புகள் தோன்றுகின்றன. சூடேறிய டிரம்மில் வழியோரத்தில் வண்டியை நிறுத்தித் தண்ணீர் ஊற்றுவோர் உண்டு. பல நூறு முறைகளில் நேரும் கேட்டை அவர்கள் ஒரே குடத்தில் வரவழைத்துவிடக்கூடும். காற்றில் ஆறவிடுவதுதான் வழி. நேரமாகும், வேறு வழியில்லை.

பணிமனையில் டிரம்மைக் கழற்றியவுடன் மெக்கானிக் அதன் உட்புறத்தைத் துடைத்து வெளிச்சத்தில் பார்ப்பார். தடவிப் பார்ப்பார். பின் அதனைத் தொங்கவிட்டுச் சிறு சுத்தியால் தட்டுவார். சந்தையில் மண்பானை வாங்குவோர் விரலால் சுண்டிப் பார்ப்பதைப் போன்றதுதான் இது. வெடிப்பில்லாத டிரம் மணிபோல் நீண்டு ஒலிக்கும். வெடித்த டிரம் உடைந்த பானையின் ஒலியைத் தரும். அதனை மீண்டும் சக்கரத்தில் பூட்டமாட்டார். பழைய இரும்புக் குவியலில் ஓரமாக வைத்துவிடுவார்.